பகடி முதல் ரீட் வரை – சின்னப் பணத்தின் கதை

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து மச்சினன் போன் செய்தான். "அத்தான், கையில 5 லட்சம் இருக்கு. ஏதாவது இடத்துல போடலாமா?" என்றான். பேங்க்கில் வேலை என்றால் நிலத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்ம ஊரில் ஒரு நம்பிக்கை. உடனே பதில் சொல்லவில்லை. நான் பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதற்கு முன் மும்பை பட்ட கதையைச் சொல்லியாக வேண்டும். இருபது வருஷமாக டோம்பிவிலியில் குப்பை கொட்டுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலைக் குறைக்க 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா பக்கம் வயலும் தோப்புமாகக் கிடந்த இடத்தில் தெருப்போட்டு மனை பிரித்தது அந்த டிரஸ்ட்தான். அங்கே கட்டிய மாடி வீடுகளுக்குத்தான் குமாஸ்தா வேலைக்கு வந்த நம்மவர்கள் குடிபோனார்கள். பெரும்பாலும் வாடகைக்கு. சொந்த வீடு என்றால் ஊரில் இருப்பது, இங்கே இருப்பது ஜாகை. அவ்வளவுதான் அன்றைய கணக்கு.

சின்னச் சம்பளக்காரர்கள் சேர்ந்து வீடு கட்ட வழி செய்தது 1912-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம். 1904 சட்டத்தில் கடன் சங்கத்துக்கு மட்டுமே இடம் இருந்தது. 1915-ல் சாரஸ்வத் சமூகத்தார் காம்தேவியில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் ஆரம்பித்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம், கட்டடம் சங்கத்தின் பெயரில், உறுப்பினர் அதில் குடியிருப்பவர். இன்று மும்பையில் எந்த பில்டிங் வாசலில் பார்த்தாலும் 'சொசைட்டி' என்று போர்டு தொங்குகிறதே, அதன் வேர் இங்கேதான்.

அடுத்தது பகடி. (நம்ம தமிழ்ப் பகடி இல்லை. இந்தியிலும் மராத்தியிலும் தலைப்பாகை என்று அர்த்தம். ஆனாலும் நம்ம அர்த்தமும் பொருந்தத்தான் செய்கிறது.) 1947 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் மட்டத்தில் நிறுத்திவைத்தது. குடியிருப்பவரைக் கிளப்ப முடியாது, வாடகையையும் ஏற்ற முடியாது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? குடிவரும்போதே மொத்தமாக ஒரு தொகையைக் கறுப்பில் வாங்கிக்கொண்டார். சட்டப்படி குற்றம், ஆனால் ஊரெல்லாம் நடந்தது. வீடு கைமாறினால் புதிதாக வருபவர் தரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு போல வீட்டுக்காரருக்கு என்று ஒரு வழக்கமும் வந்தது. 1999-ல் வந்த மகாராஷ்டிரா சட்டம்தான் இப்படித் தொகை வாங்குவதை ஒப்புக்கொண்டது. முழு விலை கொடுக்க முடியாதவனுக்குப் பகடி ஒரு வழி. ஆனால் பாதி உரிமைதான். வீட்டுக்காரருக்கு ரிப்பேர் செய்யும் ஆசை போய்விட்டதால் கட்டடங்கள் இடிந்து விழுந்தன, ஆட்களும் செத்தார்கள்.

வாடகைக்கு விட்டு லாபமில்லை என்றானதும் பில்டர்கள் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு தளம் எழும்பும்போதும் இவ்வளவு என்று தவணை. கையில் முழுப் பணம் இல்லாதவனும் வாங்கலாம். இதையே திருப்பிப் பார்த்தால், பில்டர் நம் பணத்தில்தான் கட்டுகிறார். ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்பது, வில்லங்கமுள்ள நிலத்தில் கட்டுவது, பணத்தை வேறு வேலைக்குத் திருப்புவது எல்லாம் நடந்த பிறகு 1963-ல் மகாராஷ்டிராவில் பிளாட்டுகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. எத்தனை பேர் இதைப் படித்துப் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். நானே படிக்கவில்லை.

வீட்டுக் கடன் என்பதே புதுசு. பழைய ஆட்கள் பி.எஃப்., ஆபீஸ் கடன், மனைவி நகை எல்லாவற்றையும் சேர்த்து ரிட்டயர்மென்ட் சமயத்தில்தான் வீடு வாங்குவார்கள். 1977-ல் ஹஸ்முக் பாரேக் எச்.டி.எஃப்.சி.யை ஆரம்பித்தார். (2023-ல் அது தன் பேங்க்கோடு இணைந்துவிட்டது.) வேலையில் இருக்கும்போதே வீடு, பிறகு மாதாமாதம் கட்டு என்ற வழக்கம் அங்கிருந்து பரவியது. 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. ஆனாலும் 90களின் நடுவில் வட்டி 15 சதவீதத்தைத் தொட்டது. 20 வருஷத்துக்கு 10 லட்சம் வாங்கினால் மாதம் 13,168 ரூபாய் கட்ட வேண்டும். 8 சதவீதம் ஆனால் 8,364 போதும். 2003, 2004 வாக்கில் வட்டி அந்த அளவுக்கு இறங்கியதும் என்னைப் போன்றவர்கள் எல்லாம் வீட்டுக்காரர்கள் ஆனோம். அதே 13,168-க்கு 15 லட்சத்துக்கு மேல் கடன் கிடைக்கும் என்றானபோது பில்டர்களும் விலையை ஏற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சரி, என் கதைக்கு வருவோம். ஒரு வீடு வாங்கியாயிற்று, தைரியம் வந்துவிட்டது. 2012-ல் கல்யாணுக்கு அப்பால் ஒரு திட்டம், 'ப்ரீ லாஞ்ச்' விலை என்றார்கள். சேமிப்பு ஒன்றரை லட்சம், மனைவியின் சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்து இன்னொரு ஒன்றரை. மூன்று லட்சத்துக்குச் செக். கையில் கிடைத்தது ஒரு ரசீது மட்டும்.

என்னிடம் கடன் கேட்டு வருபவரிடம் தாய்ப்பத்திரம் எங்கே, வரைபட அனுமதி எங்கே என்று குடைபவன் நான். அன்று சாத்-பாரா உதாராவைக்கூடப் பார்க்கவில்லை (நம்ம ஊர் சிட்டா அடங்கல் மாதிரி). பார்த்திருந்தால் நிலம் இன்னும் விவசாய நிலமாகவே இருந்தது தெரிந்திருக்கும். 2015-ல் சாவி தருவதாகச் சொன்னவர்கள் தந்தது 2021-ல். நடுவில் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாண வீடுகளுக்கு மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ரெரா சட்டம் வந்தது 2016-ல், முழுதாக அமலுக்கு வந்தது 2017 மே 1-ல். வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஒப்பந்தப் பதிவுக்கு முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, பதிவு செய்யாமல் விளம்பரமே கூடாது, விற்பது கார்பெட் ஏரியா கணக்கில். எங்கள் பில்டரும் பதிவு செய்தார், தேதியைத் தள்ளிப்போட்டு. இருந்தாலும் வேலை மறுபடி ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மச்சினனுக்கு இதையெல்லாம் சொன்னேன். மனைதான் வேண்டும் என்றால் தாலுகா தலைநகரை ஒட்டி, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போடு, பதிவுச் செலவுக்கு என்று தனியாக எடுத்து வை என்றேன். அப்புறம் ரீட் பற்றிச் சொன்னேன். 2014-ல் செபி விதிமுறை வந்தது, 2019-ல் எம்பஸி முதலில் பட்டியலானது. பெரிய ஆபீஸ் கட்டடங்களின் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆரம்பத்தில் குறைந்தது 2 லட்சம் போட வேண்டியிருந்தது. 2021-லிருந்து ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். விலை ஏறும், இறங்கும், டெபாசிட் மாதிரி நினைக்காதே என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அத்தான், இதுல போய் நின்னு பார்க்க ஒரு இடம் இல்லையே" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்யாணுக்கு அப்பால் இருக்கும் அந்த வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறவன் நான். நகையைப் போன வருஷம்தான் மீட்டேன்.