கரைவாகுப் பற்றில் ஒரு யுத்தம்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் கடலோர நெடுஞ்சாலையில், பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக, எல்லை எதுவென்று அயலூரான் பிரித்தறிய இயலாதபடி நெருங்கிக் கிடக்கின்றன. மருதமுனையின் கைத்தறியும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும், நாகூர் ஆண்டகை நாமத்தால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஏறும் கொடியும் கரைவாகுப் பற்று எனப்படும் இக்கரையின் பிரசித்தங்கள். தாய்வழியே வரும் குடிமுறையோ இரு சமூகத்தாருக்கும் பொதுவான பூர்வீகச் சொத்து. வீடு கடலருகே, வயல் மேற்கே என்ற அமைப்பினால், ஒருவருடைய வேளாண்மைக்கு மற்றவருடைய ஊரைக் கடந்தே போகவேண்டிய நிலையும் இருந்தது.

1936 நவம்பர் முதல் 1939 மார்ச் வரை முற்றுகைக்குத் தாக்குப்பிடித்த மாட்ரிட் நகரத்தின் கதையைப் படித்தவர்கள், உள்நாட்டு யுத்தத்தில் ஒரு பட்டணம் கைமாறுவதென்றால் அரண்களும் தெருச் சண்டைகளும் இருக்கும் என்றே எண்ணுவார்கள். கல்முனை கைமாறிய விதம் வேறு. இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் முற்றாக வெளியேறியபின், பிரேமதாச அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தையில் இருந்த விடுதலைப் புலிகள், ஜூன் 11ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்தார்கள். கல்முனைப் பொலிசார் உடனே பணியாமல் எதிர்த்து நின்றனர். ஆயினும் சமாதானம் குலையலாகாதென்ற எண்ணத்தில் மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு, ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடையும்படியே பணித்தது. சரணடைந்தவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களுமான நூற்றுக்கணக்கானோர், திருக்கோவிலை அடுத்த ரூபஸ்குளம் முதலிய காட்டுப்புறங்களில் சுட்டுக்கொல்லப்பட்டனர். கிழக்கு முழுவதிலும் கொல்லப்பட்ட பொலிசார் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்போது புலிகளின் மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதித் தளபதியாக இருந்த கருணா, தமக்கு இதில் சம்பந்தமில்லையென்று மறுத்ததுடன், 2009இல் இலங்கை அரசிலேயே அமைச்சர் பதவியும் ஏற்றுக்கொண்டார். சரித்திரத்தில் இத்தகைய விநோதங்களுக்குக் குறைவில்லை.

சில தினங்களில் இராணுவம் வந்தது. பட்டணத்தைப் பிடித்தவர்கள் அதைக் காக்க நிற்காமல் பின்வாங்கினார்கள். எவருடைய பெயரால் அது பிடிக்கப்பட்டதோ, அந்தத் தமிழ்ப் பிரஜைகளே வெறுங்கையோடு எஞ்சினர். ஜூன் பிற்பகுதியில் கல்முனையிலும் சூழவுள்ள ஊர்களிலும் தமிழர் பிடிக்கப்பட்டதையும், கொல்லப்பட்டதையும், பிரேதங்கள் எரிக்கப்பட்டதையும் மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. எண்ணிக்கை இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் வென்றவர் யார் என்ற கேள்வியைவிட, இரு தரப்பாரும் பொதுமக்களைக் கைவிட்டுத் தமக்குள் கணக்குத் தீர்த்தார்கள் என்பதே அவ்விரு வாரங்களின் சாரம் என எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் பழி வேறு ரூபம் எடுத்தது. ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்டனர். 12ஆம் திகதி, சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். முஸ்லிம் ஊர்களில் ஊர்காவற்படை பெருகிற்று. வயல்வட்டைக்குப் போகிற பாதை இடையிலுள்ள ஊரைக் கடக்கவேண்டியதாகையால், உரியவர் கண்முன்னே வயல்கள் தரிசாகக் கிடந்ததும், விதைத்தவர் ஒருவர் வெட்டியவர் வேறொருவர் ஆனதும் இக்கரையின் வாய்மொழியில் இன்றும் கேட்கக் கிடைக்கும் கதைகள். முஸ்லிம்களுக்குத் தனியான அரசியல் குரல் தேவையென்று சொல்லிவந்த கல்முனை வழக்கறிஞர் அஷ்ரபின் முஸ்லிம் காங்கிரஸுக்கு, இக்கரையில் அடுத்த பத்தாண்டில் கிடைத்த ஆதரவை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள முடியும்.

துப்பாக்கிகள் மௌனமான பிறகும் பட்டணம் யாருக்குரியது என்ற வழக்கு தீரவில்லை. வழக்கு மட்டும் காகிதத்துக்கு இடம் மாறியது. கல்முனை வடக்கில் தமிழருக்கென 1989இல் தோன்றிய உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுடையதாகத் தரமுயர்த்தக் கோரி, 2019 ஜூனில் உள்ளூர்ப் பௌத்த விகாராதிபதி ஒருவரும் தமிழ்ப் பிரமுகர்களும் உண்ணாவிரதம் இருக்க, நிலத்தொடர்பும் கடைத்தெருவின் வருமானமும் பறிபோகுமென்று முஸ்லிம்கள் எதிர்ப்பு சத்தியாக்கிரகம் நடத்தினர். சாய்ந்தமருதோ கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனிச் சபை கேட்டது. 2020 பெப்ரவரியில் அதற்கென வெளியான வர்த்தமானி அறிவித்தல் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது.