நலமாயிருப்போர்க்கு மருந்து: உறங்கும் காசநோயைத் தடுத்த வரலாறு

நோயுற்றவர் மருந்தைத் தேடி வருவார். இருமலும் காய்ச்சலும் இன்றி நலமாய் நடமாடும் ஒருவரிடம் மாத்திரைகளை நீட்டி, ஓராண்டுக் காலம் நாள்தோறும் விடாமல் உட்கொள்ளுமாறு கேட்பது அத்துணை எளிதன்று. உறங்கும் காசநோய்க்கான மருந்தின் வரலாறு, இவ்வேண்டுகோள் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு ஐயத்துக்கு உள்ளாயிற்று, பின்னர் எவ்வாறு சுருங்கிற்று என்பதன் வரலாறேயாகும்.

காசநோய்க் கிருமி உடலுள் புகுந்த எல்லாரும் நோயாளராகிவிடுவதில்லை. பெரும்பாலோரிடம் உடலின் எதிர்ப்பாற்றல் அதனை அடக்கி வைக்கிறது. கிருமி சாகாமல் உறங்குகிறது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரிடம் வாழ்நாளில் என்றேனும் விழித்தெழுகிறது. உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இக்கிருமி தொற்றியவர் என்பது உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீடு.

இதற்கு முதலில் கைகொடுத்த மருந்து ஐசோனியாசிட். 1912இல் பிராகு நகரில் மாணவர் ஆய்வொன்றில் உருவாக்கப்பட்ட இச்சேர்மம், எதற்குப் பயன்படும் என்று எவரும் அறியாமலே நாற்பது ஆண்டுகள் கிடந்தது. 1952இல்தான் அது காசநோயைக் குணப்படுத்தும் என்பது வெளிப்பட்டது. அவ்விடைப்பட்ட காலத்தில் மாண்டோரை எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது. நியூயார்க்கில் குழந்தை மருத்துவர் எடித் லிங்கன், இம்மருந்தைப் பெற்ற குழந்தைகளிடம் காசநோய் மூளையுறைக்குப் பரவாததைக் கண்டார். நோயைத் தீர்க்கும் மருந்து அதனை வாராமலும் காக்குமோ என்னும் வினா அங்கிருந்தே வலுப்பெற்றது.

அவ்வினாவுக்குத் தெளிவான விடை அலாஸ்காவின் பெத்தேல் வட்டாரத்தில் கிடைத்தது. யூப்பிக் மக்கள் வாழும் அக்கரையோரச் சமவெளியில் காசநோய் கடுமையாய்ப் பரவியிருந்தது. 1957இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணியைச் சேர்ந்த ஜார்ஜ் காம்ஸ்டாக் அங்கே ஆய்வைத் தொடங்கினார். ஊர்தோறும் வீடுகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டன. ஒரு பிரிவினர்க்கு ஐசோனியாசிட். மற்றப் பிரிவினர்க்கு அதே தோற்றமுடைய, மருந்தற்ற மாத்திரை. ஏறத்தாழ 7,000 பேர் இதில் பங்கேற்றனர். மருந்தின்மீது தமக்குள்ள நம்பிக்கையைக் காட்டக் காம்ஸ்டாக் தாமும் உட்கொண்டார். தம் குடும்பத்தாரையும் உட்கொள்ளச் செய்தார்.

மருந்து பெற்ற வீடுகளில் நோய் பாதிக்கும் மேல் குறைந்தது. எனவே, மருந்தற்ற மாத்திரை பெற்றவர்க்கும் பின்னர் ஐசோனியாசிட் வழங்கப்பட்டது. ஓராண்டு உட்கொண்ட மருந்தின் காப்பு 19 ஆண்டுகளுக்கு மேலும் நீடித்ததை 1979இல் வெளியான இறுதி அறிக்கை காட்டிற்று. காசநோயாளர்க்குப் பல மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்க, இங்கு ஒரே மருந்து போதுமானது ஏன் என்று மாணவர் கேட்கலாம். உறங்கும் நிலையில் கிருமிகளின் தொகை மிகச் சிறிது. அவற்றிடையே மருந்தை எதிர்க்கும் கிருமி இருக்கும் வாய்ப்பும் சிறிது. ஆயின், நோய் ஏற்கெனவே விழித்துவிட்டவர்க்கு இம்மருந்தைத் தனியே கொடுத்தால் எதிர்ப்புக் கிருமிகளே தழைக்கும். ஆதலால் முதலில் நோயில்லை என்பதை உறுதிசெய்தல் கட்டாயம்.

இந்த நம்பிக்கைக்கு 1970இல் பேரிடி விழுந்தது. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்தில் காசநோய் தோன்றியதையொட்டி, அரசு ஊழியர் 2,321 பேருக்குத் தடுப்பு மருந்தாக ஐசோனியாசிட் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 19 பேருக்குக் கல்லீரல் அழற்சி உண்டாயிற்று, இருவர் இறந்தனர். எண்ணிக்கை சிறிதே. ஆனால் இறந்த இருவரும் காசநோயாளர் அல்லர். நோயாளிக்கு மருந்தால் விளையும் தீங்கை நோயின் தீங்கோடு நிறுத்துப் பார்க்கலாம். நலமாயிருந்தவர்க்கு அந்தத் தராசு வேறு. அதன்பின் மருத்துவர்கள் வயதையும் கல்லீரல் நிலையையும் கருதி ஆளைத் தேர்ந்தனர். மருந்து உட்கொள்வோரை மாதந்தோறும் விசாரித்து வந்தனர். நிகழ்ந்தது துயரமே எனினும், இத்துறைக்கு வேண்டிய நிதானம் அதனால் வந்தது என்றே கருதுகிறேன்.

எத்தனை மாதம் வேண்டும் என்பது அடுத்த சிக்கல். கிழக்கு ஐரோப்பாவில், நுரையீரலில் பழைய காசநோய்த் தழும்புடைய ஏறத்தாழ 28,000 பேரிடம் நடந்த ஆய்வு 1982இல் வெளிவந்தது. மூன்று மாத மருந்து நோயை 21 விழுக்காடும், ஆறு மாத மருந்து 65 விழுக்காடும், ஓராண்டு மருந்து 75 விழுக்காடும் குறைத்தன. 1999இல் காம்ஸ்டாக் தம் பழைய பெத்தேல் ஏடுகளையே மீண்டும் ஆராய்ந்து, ஒன்பது பத்து மாதங்களே போதும் என்றார். அப்போது அவர் வயது எண்பதைக் கடந்திருந்தது.

ஒன்பது மாதமும் பலருக்கு நீளமே. ஐசோனியாசிட்டுடன் ரிஃபாபென்டின் என்னும் நெடுநேரம் செயலாற்றும் மருந்தைச் சேர்த்து, வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டே வாரம் கொடுக்கும் முறையின் முடிவுகள் 2011இல் வெளியாயின. 270 நாள் மருந்துக்கு ஈடாகப் பன்னிரண்டு வேளை மருந்தே காத்தது. நெடிய முறையை முடித்தவர் நூற்றில் 69 பேர். குறுகிய முறையை முடித்தவர் 82 பேர். கல்லீரல் பாதிப்பு 2.7 விழுக்காட்டிலிருந்து 0.4 ஆகத் தாழ்ந்தது. எனினும், பக்கவிளைவுகளால் மருந்தை இடையில் நிறுத்தியோர் குறுகிய முறையில்தான் சற்றுக் கூடுதல்.