கடன் கொப்பியில் ஒரு விளையாட்டு வரலாறு

சென்ற தவணையில் எட்டாம் தர மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பொருளின் வரலாற்றை எழுதி வரவேண்டும். அது எப்போது வந்தது, யார் கொண்டு வந்தார்கள், என்ன விலை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். மன்னர்களின் ஆட்சிக்காலங்களை மனனம் செய்து களைத்துப்போன பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். கொழுந்துக் கூடை, பித்தளைக் குடம், பழைய ரேடியோ, தையல் மெசின் என்று வந்து சேர்ந்தன. "சேர், நீங்க எதப் பத்தி எழுதுவீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "டீவி கேம்" என்றேன். வகுப்பே சிரித்தது.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. வேறெந்தப் பொருளுக்கும் இல்லாத எழுத்து ஆதாரம் அதற்கு என்னிடம் உண்டு. 1993இல் தொடங்கிய எண்பது பக்கக் கொப்பி அது. அட்டை கழன்றுவிட்டது, ஓரங்களைக் கறையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. ஆனாலும் உள்ளே பெயர்களும் நேரங்களும் சில்லறைக் கணக்கும் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன.

கொப்பிக்குள் போவதற்கு முன் வெளியுலகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும். வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் முதலாவது பெட்டி 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மக்னவொக்ஸ் ஒடிஸி என்று பெயர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு தப்பிப்போன ரல்ப் பேயர் என்ற பொறியியலாளரின் மூளையில் உதித்தது அது. அந்த வருடம் இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை. 1979 ஏப்ரலில்தான் ஐ.ரி.என். ஒளிபரப்புத் தொடங்கியது. யப்பானின் உதவியோடு 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. மறு வருடம், 1983 ஜூலை 15ஆம் திகதி, அதே யப்பானில் நின்டென்டோ கம்பனி பெமிகொம் என்ற சிவப்பு வெள்ளைப் பெட்டியை 14,800 யென்னுக்கு விற்கத் தொடங்கியது. அந்தக் கம்பனி 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுத் தயாரித்துத்தான் தொழிலை ஆரம்பித்தது. இது வாப்பாவுக்குத் தெரிந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டி வந்த வழியே திரும்பியிருக்கும்.

வட்டவளையின் கதை வேறு. இங்கே எதைப் பற்றி எழுதினாலும் மழையையும் மின்சாரத்தையும் விட்டுவிட்டு எழுத முடியாது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடம் இது. பிள்ளைகள் வெளியே ஓடி விளையாடக்கூடிய நாட்களை எண்ணிவிடலாம். மின்சாரத்தின் கதை இன்னும் விநோதமானது. மலைக்கு அந்தப் பக்கம் லக்சபான மின்நிலையம் 1950 முதல் இயங்குகிறது. நோட்டன் பிரிட்ஜில், நீர்மின்சாரத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய பொறியியலாளர் டீ.ஜே. விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கிய நிலையம் 1965இல் வந்தது. கம்பிகள் தேயிலை மலைகளுக்கு மேலால் கொழும்புக்குப் போயின. கடைவீதியில் இருந்த எங்கள் கடைக்கும் மின்சாரம் கிடைத்தது. ஆனால் கடைக்குப் பின்னால் மேட்டில் இருந்த லயங்களில் நான் பிள்ளையாக இருந்த காலம் முழுவதும் குப்பிலாம்புதான். ஒன்றிரண்டு வீடுகளில் கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டீவி இருந்தது. பெட்டரியைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்துவந்து சார்ஜ் பண்ணக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குச் சேமித்து வைக்கும் பெட்டரியை விளையாட்டுக்குச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்?

1993இல் ஜித்தாவிலிருந்து பெரிய நானா முதல் தடவை லீவில் வந்தார். போர்வை, தலைவலித் தைலம், உம்மாவுக்கு அபாயா, இவற்றுக்கு நடுவே துவாய் ஒன்றில் சுற்றிய பெட்டி. எனக்குப் பதின்மூன்று வயது. இரண்டு கைப்பிடிகள், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கேசட்டில் ஆயிரக்கணக்கில் கேம்கள் இருப்பதாக எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்துதான். மற்றதெல்லாம் அவையே வேறு பெயரில், வேறு நிறத்தில். ஏரியல் குத்தும் துளையில் வயரைச் செருகி, சனலைத் திருகித் திருகி, மழை மாதிரிப் பொரிந்த திரையில் மாரியோ ஓடத் தொடங்கியபோது உம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அது நின்டென்டோ அல்ல, போலி. இதை அறிந்துகொள்ள எனக்குப் பத்து வருடங்கள் எடுத்தன. யப்பானில் விற்ற பெமிகொமில் போலிக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சிப் எதுவும் இருக்கவில்லை. அமெரிக்காவுக்கு 1985இல் அனுப்பியபோதுதான் அதைச் சேர்த்தார்கள். உள்ளே இருந்த மூளையும் மலிவான, பலருக்கும் பழக்கமான 6502 என்ற சிப்பின் வழிவந்தது. தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். பின்னர் முழு இயந்திரத்தையும் ஒரே சிப்பில் அடக்கி, மேலே ஒரு சொட்டுக் கறுப்புப் பசை ஊற்றி மூடிவிட்டார்கள். ரஷ்யாவில் அது டென்டி, போலந்தில் பெகாசஸ், இந்தியாவில் லிட்டில் மாஸ்டர். எங்களுக்குப் பெயரே இல்லை, வெறும் டீவி கேம். நின்டென்டோவின் கணக்கில் அசல் பெட்டிகள் 6 கோடிக்குச் சற்று மேல். போலிகளை எண்ணியவர் எவருமில்லை. உலக வரலாற்றை எழுதுகிறவர்கள் அசலைப் பற்றியே எழுதுகிறார்கள். வட்டவளை போன்ற ஊர்களின் பிள்ளைகள் விளையாடியதோ எல்லாம் போலியில்தான்.

பெட்டி வந்த மூன்றாம் நாளே கடையின் பின்வாசலில் லயத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கரண்ட் பில்லைக் காட்டி, அரை மணித்தியாலத்துக்கு இரண்டு ரூபா என்று வாப்பா கட்டணம் வைத்தார். கணக்கெழுதும் பொறுப்பு எனக்கு. இப்படித்தான் கொப்பி பிறந்தது.

இன்று ஓர் ஆசிரியனின் கண்ணோடு அதைப் புரட்டும்போது அன்று தெரியாத சில விடயங்கள் தெரிகின்றன. பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்டால் அடுத்த இரண்டு நாட்களும் பக்கம் நிறைந்து வழிகிறது. இருபதாம் திகதிக்குப் பிறகு எல்லாம் 'கடன்'. ஜூன், ஜூலை மாதங்களில் அடை மழையால் இரட்டிப்பாகிறது. பெண்பிள்ளைகளின் பெயர் முழுக் கொப்பியிலும் நான்கே தடவைதான் வருகிறது. மஃரிப் பாங்கோடு பெட்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதால் ஆறரைக்கு மேல் எந்தப் பதிவும் இல்லை. எங்கள் பரீட்சைத் தாள்களில் வராத ஆங்கிலமும் அங்கேதான் படித்தோம். ஸ்டார்ட், செலக்ட், கேம் ஓவர். 'கேம் ஓவர்' லயத்துப் பேச்சிலேயே புகுந்துவிட்டது. தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டாலும் கேம் ஓவர், சோறு தீர்ந்தாலும் கேம் ஓவர்.

மழை தந்த இன்னொரு வில்லங்கம் ஈரம். கேசட்டின் செப்புப் பற்களில் பச்சை பூத்துத் திரை சாம்பலாகிவிடும். எல்லா ஊரிலும் செய்வதைப்போல நாங்களும் கழற்றி ஊதினோம். எச்சில் ஈரம் துருவைக் கூட்டும் என்பதால் ஊத வேண்டாம் என்று நின்டென்டோவே பின்னர் அறிவுறுத்தியது. எங்கள் ஊரில் அதைத் தானாகவே கண்டுபிடித்தவன் என் வகுப்புத் தோழன் ஒருவன். மேட்டு லயத்துப் பிள்ளை, தகப்பன் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அழிறப்பரால் பற்களைத் தேய்த்து, சட்டை நுனியால் துடைத்துப் போடுவான். பெட்டி உடனே உயிர்பெறும். கணக்கிலும் அவன்தான் வகுப்பில் முதல். கொன்ட்ராவில் முப்பது உயிர் வாங்கும் மந்திரத்தை, மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பீ ஏ, எங்கிருந்தோ கேட்டு வந்ததும் அவனே. அதைப் படைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற யப்பானியர். 1986இல் தான் வேலை செய்த கிரேடியஸ் என்ற விளையாட்டு தனக்கே கடினமாக இருந்ததால் இரகசியமாக வைத்துக்கொண்டதாம். 2020இல் காலமானார். என் தோழனுக்கோ அந்த முப்பது உயிர் தேவைப்படவில்லை. மூன்று உயிரிலேயே முடித்துக் காட்டுவான். நான் முப்பதிலும் தோற்பேன்.

இனி எழுதப்போவது கொப்பியில் இல்லாதது.

அவன் பெயரில் 1994 ஓகஸ்டில் 48 ரூபா கடன் நின்றது. தோட்டத்தில் ஒரு நாட் பேருக்குக் கிடைக்கும் கூலியில் பெரும்பகுதி அது. ஒருநாள் மாலை வாப்பா கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தகப்பனுக்குச் சொல்லியனுப்பினார். அந்த மனிதர் ஃபெக்டரி உடுப்போடு வந்து, ஒன்றும் பேசாமல் காசை எண்ணி வைத்துவிட்டு, கடை வாசலிலேயே மகனை அடித்தார். அவன், தான் அவ்வளவு விளையாடவில்லை என்று அழுதான். யாரும் கேட்கவில்லை. கொப்பியில் எழுதியிருந்ததே.

அவன் சொன்னது உண்மை. அந்தப் பக்கத்தில் ஐந்து பதிவுகள் பொய். கொன்ட்ராவில் அவன் என்னைப் பிள்ளைகளுக்கு முன்னால் தோற்கடித்த நாட்களில், இரவில் அரை மணித்தியாலம் கூட்டி நான் எழுதியவை. பத்து ரூபா. நான் கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நின்றேன். அதன்பின் அவன் எங்கள் கடைக்கு வரவில்லை. மறு வருடம் பாடசாலைக்கும் வரவில்லை. புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றார்கள். பாடசாலையை விட்டதற்கு வீட்டில் வேறு காரணங்களும் இருந்தன. இப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எவ்வளவு வசதி என்பதும் தெரிகிறது.

அடுத்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1995இல் பெருநாள் காசைச் சேர்த்து ஒரு பிரிக் கேம் வாங்கினேன். இரண்டு பேனா பெட்டரி, பத்துக்கு இருபது கட்டம், விழும் கற்கள். அதன் மூலமான டெட்ரிஸை 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதினார். உரிமை அரசாங்கத்திடம் இருந்ததால் 1996 வரை அதன் வருமானத்தில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. அந்த 1996இல் வரட்சி வந்து நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு. ஜித்தாப் பெட்டி தூங்கியது. பிரிக் கேம் மட்டும் குப்பிலாம்பு வெளிச்சத்தில் ஓடியது. லயத்துக்கும் எங்களுக்கும் அந்த வருடம்தான் ஒரே இருட்டு.

2003இல், ஆசிரியர் நியமனம் கிடைத்து முதல் நிலுவைச் சம்பளம் கைக்கு வந்ததும், பிளேஸ்டேஷன் வாங்கப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். யப்பானில் 1994 டிசம்பரில் வந்தது, எனக்கு ஒன்பது வருடம் பிந்திப் பழையதாகக் கிடைத்தது. மூன்றாவது கடையில் திருத்தும் மேசைக்குப் பின்னால், சோல்டரிங் புகையில் அவன் இருந்தான். "வாத்தியாராயிட்டியாமே" என்றான். தேத்தண்ணி எடுப்பித்தான். தேர்ந்தெடுத்த பெட்டியொன்றில், எழுதிய சிடிக்களையும் வாசிக்கும் சிப்பைத் தானே பொருத்தினான். பழைய வகைகளில் லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் தண்டவாளம் தேய்ந்து படம் தடுமாறும், அப்போது பெட்டியைத் தலைகீழாக வைத்து ஓட்டு என்று சொல்லித் தந்தான். நான் கொண்டுபோன காசில் பாதியைத் திருப்பித் தந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "அன்னைக்கி ஒங்க கடயில நா குடுத்த காசயெல்லாம் கழிச்சிட்டேன்டா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது.

அந்தப் பெட்டியைக் கொட்டகலை ஆசிரியர் கலாசாலைக் காலத்தில் விடுமுறைகளில் தலைகீழாக வைத்தே விளையாடினேன். திருமணத்துக்குப் பிறகு வாங்கிய பிளேஸ்டேஷன் 2, ஒரு ஒக்டோபர் மாலை இடியில் டீவியோடு சேர்ந்து கருகியது. அதற்குப் பிறகு நான் எதுவும் வாங்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது பிரிக் கேமைத் தேடி எடுத்தேன். பெட்டரி போட்டதும் ஓடியது. மகள் இரண்டு இரவு அதை விடவில்லை. அந்த ஆசையில் ஜித்தாப் பெட்டியையும் வெளியே எடுத்தாள். அழிறப்பரால் தேய்த்துக் கொடுத்தேன். மாரியோ ஓடியது, துப்பாக்கி மட்டும் வேலை செய்யவில்லை. "வாப்பா, வாத்து சாகவே இல்லியே!" என்றாள். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது. பழைய குழாய் டீவியின் வேகத்துக்கு எழுதிய கணக்கு அது. தட்டை டீவி படத்தைக் காட்டச் சற்றுத் தாமதிப்பதால் வாத்து எப்போதும் தப்பிவிடும்.

பிள்ளைகளின் ஒப்படைகளில் ஒன்று ஒரு டெப்பைப் பற்றியது. கொவிட் காலத்தில் பாடசாலை மூடியிருந்தபோது படிப்பதற்காகக் குவைத்திலிருந்து தாய் அனுப்பியது. அதில் படித்ததைவிட ஃப்ரீ ஃபயர் விளையாடியதுதான் அதிகம் என்று அந்தப் பையன் ஒளிக்காமல் எழுதியிருந்தான். கண்ணாடி வெடித்த திகதிகூட இருந்தது. அதற்குத்தான் கூடுதல் புள்ளி போட்டேன்.

தோழன் இப்போது கட்டாரில். பெருநாளுக்கு அவன் தவறாமல் அழைப்பான், பொங்கலுக்கு நான் அழைப்பேன். பத்து ரூபாயைப் பற்றி இன்னும் பேசவில்லை. வாக்குக் கொடுத்தபடி கொப்பியை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். அவனுடைய பக்கம் வந்தபோது இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.