காஃப்காவின் ‘உருமாற்றம்’: மறைக்கப்பட்ட கணக்கும் கைமாறும் உழைப்பும்

திறவுச்சொற்கள்: காஃப்கா, குடும்பப் பொருளாதாரம், தியாகம், கடன், பெண் உழைப்பு

முன்னுரை

ஃப்ரான்ஸ் காஃப்கா 1912 நவம்பர், டிசம்பர் மாதங்களில் எழுதி 1915இல் வெளியிட்ட ‘உருமாற்றம்’ என்னும் குறும்புதினம், தமிழ்த் திறனாய்வில் பெரும்பாலும் இருத்தலியல், அந்நியமாதல் ஆகிய கருத்தாக்கங்களின் வழியே அணுகப்படுகிறது. கிரகோர் சாம்சா பூச்சியானது எதன் குறியீடு என்பதே அவ்வாசிப்புகளின் மைய வினா. அவன் மாறிய பிறகு அவ்வீட்டில் யார் உழைத்தார்கள், வரவு செலவு யார் கையில் இருந்தது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. விளைவாக, கிரகோர் தியாகி, குடும்பத்தார் நன்றி கெட்டவர்கள் என்னும் எளிய முடிவு நிலைத்துவிட்டது. இக்கட்டுரை அதனை ஏற்கவில்லை. கிரகோரின் தியாகத்தை அவனது குணமாக மட்டும் காணாமல், கணக்கு மறைக்கப்பட்டதால் நீடித்த ஒரு வீட்டு ஏற்பாடாகக் காண வேண்டும் என்பதே இதன் வாதம்.

காப்பீடு இல்லாத வணிகர்

காஃப்கா 1908 முதல் ப்ராக் நகரில் பொஹீமியாவின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆஸ்திரிய ஆட்சிப்பகுதியில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் 1887இலும் நோய்க் காப்பீட்டுச் சட்டம் 1888இலும் இயற்றப்பட்டன. தனியார் நிறுவன ஊழியர்களுக்கான ஓய்வூதியச் சட்டம் 1906இல் நிறைவேறி 1909இல் நடைமுறைக்கு வந்தது. இவை பிறரிடம் வேலை செய்வோரைக் கருதி எழுந்தவை. சொந்த வணிகம் நொடித்துப்போனவரின் கடனை இவற்றுள் எதுவும் ஏற்காது. சாம்சாவின் தந்தை அத்தகைய வணிகர். அவரது வீழ்ச்சிக்குக் காப்பீடாக நின்றவன் மகன்தான். சாதாரண எழுத்தராக இருந்த கிரகோர் ஏறக்குறைய ஒரே இரவில் பயண விற்பனையாளனாகிறான். பெற்றோர் கடன்பட்ட முதலாளியிடமே வேலை செய்கிறான். கடன் தீர இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பது அவன் போட்ட கணக்கு.

1912 அக்டோபரில், குடும்பத்துக்குப் பங்கிருந்த கல்நார்த் தொழிற்சாலையைக் கவனிக்குமாறு காஃப்காவை வீட்டார் நெருக்கியபோது, அவருக்கு மிக நெருங்கிய தங்கை ஓட்லாவும் பெற்றோர் பக்கம் நின்றார். இதைக்கொண்டு கதையின் கிரேட்டாவை ஓட்லாவாகவே படித்துவிடுவோர் உண்டு. அவ்வாசிப்பு கதையைச் சிறிதாக்கிவிடுகிறது.

தந்தையின் பெட்டி

இவ்வாதத்துக்கு அடிப்படையான இடம் இரண்டாம் பகுதியில் உள்ளது. உருமாற்றம் நிகழ்ந்த முதல் நாளிலேயே தந்தை ஒரு சிறு பெட்டியைத் திறந்து, வீட்டின் நிதிநிலையை மனைவிக்கும் மகளுக்கும் விளக்குகிறார். வணிகம் அழிந்தபோதும் ஒரு சிறு தொகை எஞ்சியிருந்தது. வட்டியால் அது சற்று வளர்ந்தும் இருந்தது. கிரகோர் மாதந்தோறும் கொடுத்த பணமும் முழுதாகச் செலவாகாமல் சேர்ந்திருந்தது. ஐந்தாண்டுகளாக உழைத்தவனுக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. கதவுக்குப் பின்னிருந்து ஒட்டுக்கேட்டே அறிகிறான். அந்தப் பணத்தால் கடனை முன்னரே குறைத்து, வேலையிலிருந்து விடுபடும் நாளை விரைவுபடுத்தியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. தோன்றிய மறுகணமே தந்தை செய்ததுதான் சரி என்று தேற்றிக்கொள்கிறான்.

சம்பாதிப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை; கேட்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. தியாகம் என்று நாம் வழங்கும் சொல் மறைப்பது இந்த உறவைத்தான். தொடக்கத்தில் வியப்போடு பெறப்பட்ட பணம் நாளடைவில் இரு தரப்பாருக்கும் பழகிப்போய், பழைய கனிவு அதில் எஞ்சவில்லை என்பதையும் கதைசொல்லி மிகச் சாதாரணமாகச் சொல்லிச் செல்கிறார்.

கைமாறிய உழைப்பு

சேமிப்பு ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. எனவே வீடே வேலைக்குச் செல்கிறது. நாள் முழுதும் நாற்காலியில் சாய்ந்திருந்த தந்தை வங்கிச் சிப்பந்தியாகிறார்; சீருடையை வீட்டிலும் கழற்றுவதில்லை. மூச்சிரைப்பு நோயுடைய தாய் கடை ஒன்றுக்கு உள்ளாடைகள் தைக்கிறார். பதினேழு வயதுக் கிரேட்டா கடையில் விற்பனைப்பெண்ணாகி, இரவில் சுருக்கெழுத்தும் பிரெஞ்சும் கற்கிறாள். பணிப்பெண் அனுப்பப்படுகிறாள், நகைகள் விற்கப்படுகின்றன, ஓர் அறை மூவருக்கு வாடகைக்கு விடப்படுகிறது. இவர்களால் உழைக்க இயலாது என்னும் கிரகோரின் நம்பிக்கை இவ்வாறு பொய்யாகிறது. அவனது தியாகமே அவர்களின் உழைப்பாற்றலைப் பார்வையிலிருந்து மறைத்திருந்தது.

இவர்களுள் கிரேட்டாவின் நிலை தனித்து நோக்கத்தக்கது. முன்பு பெற்றோர் அவளை உதவாத பெண் என்று சலித்துக்கொண்டவர்கள். அண்ணனுக்கு உணவு வைப்பதும் அறையைக் கூட்டுவதும் அவள் வேலையானபின், அவ்வறையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் அவளிடம் வருகிறது. பின்னாளில் கடை வேலையின் களைப்பில் அவள் அவ்வறையைப் புறக்கணிக்கிறாள். ஆயினும், தாய் ஒருநாள் சில வாளி நீரால் அதைக் கழுவிவிட்டபோது உடைந்து அழுகிறாள். செய்ய இயலாத வேலையையும் விட்டுக்கொடுக்க முடியவில்லை; அந்த வீட்டில் அவளுக்கு மதிப்புத் தந்தது அது ஒன்றே. அண்ணனை அப்புறப்படுத்த வேண்டும் என்று முதலில் சொல்பவளும் அவளே. அச்சொல்லைக் கொடுமை என்று மட்டும் கண்டிக்கும் திறனாய்வு, பகலில் கடை, இரவில் படிப்பு, இடையே பராமரிப்பு என்ற அவளது நாளைக் கணக்கில் கொள்வதில்லை.

பெயர் மாற்றம்

கிரகோர் இறந்தபின் கதைசொல்லியின் மொழியில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை தந்தை, தாய் என்று வந்தவர்கள் திரு. சாம்சா, திருமதி சாம்சா ஆகிறார்கள். முறைப்பெயர்கள் அவனது பார்வையைச் சார்ந்திருந்தவை. அப்பார்வை அணைந்ததும் அவையும் விலகுகின்றன. அன்று மூவரும் தத்தம் மேலிடத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதுகிறார்கள். ஐந்தாண்டுப் பணியில் கிரகோர் ஒருநாளும் நோய் விடுப்பு எடுத்ததில்லை என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பின்னர் டிராம் வண்டியில் நகர்ப்புறத்துக்குச் செல்கிறார்கள். மூவரின் வேலைகளும் நல்லவை என்பதும், சிறிய வீட்டுக்கு மாறலாம் என்பதும் அங்கே பேசப்படுகின்றன. பெற்றோர் எதுவும் சொல்லிக்கொள்ளாமலே, மகள் வளர்ந்துவிட்டாள், நல்ல கணவனைத் தேட வேண்டும் என்று ஒருசேர எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் கிரேட்டாவிடம் தெரிவிக்கப்படுவதில்லை. பெட்டிக்குள் இருந்த கணக்கும் கிரகோருக்குத் தெரிவிக்கப்பட்டதில்லை.