ஐந்து நாட் பருவங்கள்

யப்பானியரின் பழைய பஞ்சாங்கத்தில் ஓராண்டுக்கு 72 பருவங்கள் உண்டு. ஞாயிற்றின் செலவை ஒட்டி ஆண்டினை 24 கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் மூன்றாகப் பகுத்தால், ஏறத்தாழ ஐந்து நாளைக்கு ஒரு பருவம் கிடைக்கும். அவற்றின் பெயர்களோ சின்னஞ்சிறு காட்சிகள். பெப்ரவரித் தொடக்கத்திலே கொண்டற்காற்று பனிக்கட்டியை உருக்கும். ஐந்து நாள் கழிய, மலைப்புறத்தில் ‘உகுயிசு’ என்னும் குருவி பாடத் தொடங்கும்.

இம்முறை சீனத்திலிருந்து வந்தது. சீனரின் பஞ்சாங்கமொன்றை 862ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட யப்பானிய அரசவை, அதனைத் திருத்தாமலே எண்ணூறு ஆண்டுக்கு மேல் வழங்கி வந்தது. நாளடைவில் கணக்கு இரண்டு நாள் வரை பிசகிற்று. ஏட்டிலே கிரகணம் இருந்தது, வானத்திலே இருக்கவில்லை.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் சிபுகாவா சுன்காய். 1639இல் கியோத்தோ நகரில், ‘கோ’ என்னும் பலகையாட்டத்தில் வல்ல குடும்பமொன்றிற் பிறந்தவர். தாமும் அவ்வாட்டத்தாலேயே பிழைத்தவர். பிற்காலச் சீனப் பஞ்சாங்கமொன்றை ஏற்கலாமென அவர் முதலில் எடுத்துரைத்தார். 1675இல் ஒரு கிரகணத்தை அது பிழையாகக் காட்டவே, அவருடைய சொல் எடுபடாது போயிற்று. வேறொருவராயின் ஆட்டப் பலகைக்கே திரும்பியிருப்பர். சுன்காயோ பிழையின் வேரைத் தேடினார். சீனத்தில் நின்று பார்த்த வானத்துக்கு எழுதிய கணக்கு அது. யப்பானோ அதற்குக் கிழக்கே கிடக்கும் நாடு. அவ்விடவேறுபாட்டையும் கணக்கிற் சேர்த்து அவர் அமைத்த பஞ்சாங்கம் 1684இல் ஏற்கப்பட்டு, மறு ஆண்டு வழக்குக்கு வந்தது.

வானத்தைத் திருத்தியவர் மண்ணையும் விட்டுவிடவில்லை. 72 பருவப் பெயர்களும் யப்பானின் தட்பவெப்பத்துக்கேற்ப மாற்றப்பட்டன. பருந்து புறாவாக மாறும் என்று சீனர் குறித்த மார்ச்சு மாதத்து நாட்களில், கீரைப்புழு வண்ணத்துப்பூச்சியாகும் என்ற பெயர் வந்தமர்ந்தது. எவரும் தோட்டத்திலே கண்டறியக்கூடிய செய்தி அது! எனினும் பழங்கதை முற்றாக ஒழிந்துவிடவில்லை. அழுகிய புல் மின்மினியாகும் என்ற பெயர் யப்பானிய வரிசையிலும் உண்டு. ஆனால் சீனர் யூலை இறுதியில் வைத்த அது, மின்மினிகள் அங்கு மெய்யாகவே பறக்கும் யூன் மாதத்துக்கு நகர்ந்துவிட்டது.

பதினேழு அசையிற் பாடும் ஹைக்கூவுக்கும் பருவமே உயிர். மரபின்படி பாட்டிலே பருவத்தைக் காட்டும் சொல்லொன்று இருத்தல் வேண்டும். அச்சொற்களைத் தொகுத்த நூல்களைப் புலவர் கைந்நூலாகக் கொண்டனர். சுன்காயின் காலத்தவரே பாசோ.

1873இல் யப்பான் மேனாட்டு நாட்காட்டிக்கு மாறியது. பழைய ஏழாம் மாதத்து ஏழாம் நாளில் வந்த விண்மீன் விழாவாகிய ‘தனபத்தா’, பலவிடங்களில் யூலை 7க்குப் பெயர்ந்து மழைக்காலத்தினுள் அகப்பட்டுக்கொண்டது. பருவச்சொல் நூல்களோ அதனை இன்றும் இலையுதிர்காலத்துக்கு உரியதாகவே வைத்திருக்கின்றன. பிடிவாதந்தான், ஆயினும் விண்மீன்கள் தெளிவாகத் தெரிவது அப்பருவத்திலேயே.

யப்பானிய வானிலை நிலையங்கள் 1953 முதல் நாடெங்கும் ஒரே முறையில் முதற்பூவையும் முதற்குரலையும் பதிந்து வந்தன. நிலையங்களின் அயலிலே அவ்வுயிர்களைக் காண்பது அரிதாகிவிட்டமையால், 57 இனங்களாக இருந்த பட்டியல் 2021இல் ஆறு தாவரங்களாகச் சுருங்கிற்று. விலங்கும் பறவையும் பூச்சியும் நீக்கப்பட்டன. அவ்வாண்டிலேதான் கியோத்தோவின் செரிமலர்கள் மார்ச்சு 26ஆம் நாளன்று முழுமையாக மலர்ந்தன. ஆயிரத்திருநூறு ஆண்டுக் குறிப்புகளில் அத்துணை முந்திய நாள் அதுவரை இருந்ததில்லை. உகுயிசுவின் முதற்குரலை இப்பொழுது நிலையங்கள் குறிப்பதில்லை. தாமாக முன்வந்த பொதுமக்கள் சிலர் காதுகொடுத்துக் கேட்டு எழுதி வருகின்றனர்.