திருப்பூரில் வசிக்கிறோம், எந்த ஊரில் கணக்கில் வருவோம்? – மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2027

பனியன் தொழிலை நம்பி ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திண்டுக்கல், தேனி என்று பல மாவட்டங்களிலிருந்து திருப்பூர் வந்து குடியிருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கும். பிள்ளைகள் படிப்பது திருப்பூரில். பெருநாளுக்கு ஊருக்குப் போவார்கள். ஜும்ஆ தொழுவது இங்குள்ள பள்ளியில். இவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், "கணக்கெடுக்க வந்தால் எந்த ஊரில் பெயர் கொடுப்பது?" என்பதுதான். இதற்கும், இதையொட்டி எழும் வேறு சில கேள்விகளுக்கும் இங்கே விளக்கம் தருகிறோம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள் தொகை 7,21,47,030. இவர்களில் முஸ்லிம்கள் 42,29,479 பேர், அதாவது 5.86 சதவீதம். 2001-ல் இது 34,70,647 பேர், 5.56 சதவீதம். பத்தாண்டுகளில் நம் பங்கு கூடியது 0.3 சதவீதப் புள்ளி மட்டுமே. "முஸ்லிம்கள் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கு இந்த எண்ணே போதுமான பதில். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்திய அளவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1992-93-ல் 4.4, 2019-21-ல் அது 2.4 ஆகக் குறைந்துவிட்டது.

தமிழக முஸ்லிம்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் நகரவாசிகள். திருப்பூர் நகரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் முஸ்லிம். இந்த ஊரின் பனியன் தொழிலுக்கு 1920-களில் தொடக்கமிட்டவராகச் சொல்லப்படும் குலாம் காதரும் நம் சமுதாயத்தவர்தான்.

வேகமாக வளர்ந்த மாவட்டம்

கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து 2009-ல் உருவாக்கப்பட்டது திருப்பூர் மாவட்டம். இன்றைய மாவட்ட எல்லைக்குள் 2001-ல் 19,20,154 பேர் இருந்தார்கள். 2011-ல் 24,79,052 பேர். வளர்ச்சி 29 சதவீதம். அதே காலத்தில் தமிழகம் மொத்தமாக வளர்ந்தது 15.6 சதவீதம். தஞ்சாவூர் 8.6 சதவீதமே வளர்ந்தது. நீலகிரியில் மக்கள் தொகை குறையவே செய்தது.

திருப்பூரின் இந்த வளர்ச்சியைப் பிறப்பு விகிதத்தை வைத்து மட்டும் விளக்க முடியாது. பிழைப்புத் தேடி வந்தவர்களால் கூடியது அதிகம். 2011-க்குப் பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அஸ்ஸாம் மாநிலத் தொழிலாளர்களும் பெருமளவில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு.

எண்ணிக்கையால் என்ன பயன்?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கு மத்திய அரசு ஒதுக்கும் அரிசியின் அளவு 2011 எண்களை வைத்தே முடிவானது. உள்ளாட்சி வார்டு வரையறை, சிறுபான்மையினர் அதிகம் வாழும் பகுதிகளுக்கான மத்திய அரசுத் திட்டங்கள் ஆகியவற்றுக்கும் அடிப்படை இந்தக் கணக்குதான். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. வீட்டுக்கு வந்து எண்ணும்போது விடுபட்டால், அடுத்த கணக்கெடுப்பு வரை அந்தக் குடும்பம் அரசின் கணக்கில் இல்லை. அந்தத் தெருவுக்கு எத்தனை குடிநீர் இணைப்பு வேண்டும், எத்தனை பள்ளி வகுப்பறை வேண்டும் என்ற திட்டத்திலும் அது இடம்பெறாது.

எந்த ஊரில் பெயர் கொடுப்பது?

வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கே. இதுவே சென்சஸின் நீண்டகால நடைமுறை. ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் எந்த ஊரில் இருக்கின்றன என்பது இதற்குப் பொருட்டல்ல.

- திருப்பூரில் குடும்பத்தோடு வாடகை வீட்டில் இருப்பவர்கள் திருப்பூரில்தான் எண்ணப்பட வேண்டும். ஊரில் உள்ள அத்தாவோ அண்ணனோ அங்கேயும் இவர்கள் பெயரைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. சொன்னால் ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்படுவார்.
- மனைவி மக்கள் ஊரில், கணவர் மட்டும் இங்கே அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார் என்றால், கணவர் இங்கே, குடும்பம் அங்கே.
- மதரஸாவில் தங்கி ஓதும் பிள்ளைகளும் விடுதி மாணவர்களும் அந்த நிறுவனத்தில் எண்ணப்படுவார்கள்.
- கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வளைகுடாவில் இருப்பவர்கள் வீட்டுக் கணக்கில் வர மாட்டார்கள்.

எப்போது, எப்படி?

2025 ஜூன் 16 அரசிதழ் அறிவிப்பின்படி, தமிழகத்துக்குக் கணக்கு நாள் 2027 மார்ச் 1. வீடுகளைப் பட்டியலிடும் முதல் கட்டத்துக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்குள் ஒவ்வொரு மாநிலமும் தனக்கான நாட்களை அறிவிக்கும். ஆட்களை எண்ணும் இரண்டாம் கட்டம் 2027 பிப்ரவரியில். இம்முறை செல்போன் செயலி வழியே பதிவு நடக்கும். விரும்புவோர் இணையத்தில் தாங்களே விவரங்களை நிரப்பிவிட்டு, கிடைக்கும் எண்ணைக் களப்பணியாளரிடம் தரலாம்.

அச்சம் வேண்டாம்

சென்சஸ் நடப்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். நாம் தரும் தனிப்பட்ட விவரங்களை யாரும் பார்வையிட முடியாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது என்று அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு உறுதி தருகிறது. கேள்விகளுக்குச் சரியான பதில் தருவது சட்டப்படி நம் கடமை. வாக்காளர் பட்டியல் திருத்தம் வேறு, குடியுரிமைச் சட்டத்தோடு தொடர்புடைய மக்கள் தொகைப் பதிவேடு வேறு, சென்சஸ் வேறு. மூன்றையும் குழப்பிக்கொண்டு கதவைச் சாத்தினால் நஷ்டம் நமக்கே.

மதம், சாதி, தாய்மொழி

சாதிவாரிக் கணக்கும் சேர்த்து எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30-ல் மத்திய அரசு அறிவித்தது. எல்லாச் சாதிகளின் கணக்கும் கடைசியாக முழுமையாக வெளியானது 1931-ல். தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு உள்ளது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, தூதேகுலா, மாப்பிள்ளை, அன்சார், ஷேக், சையத் ஆகிய பிரிவுகள் அந்தப் பட்டியலில் உள்ளன. மதம் என்ற இடத்தில் இஸ்லாம் என்றும், சாதி என்ற இடத்தில் உங்கள் சாதிச் சான்றிதழில் உள்ள பெயரையும் சொல்லுங்கள். இஸ்லாத்தில் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை. இது பின்தங்கிய நிலையை அளக்கும் அரசுக் கணக்கு மட்டுமே. வீட்டில் உருது பேசுவோர் தாய்மொழியை உருது என்றே பதியலாம். 2011-ல் அப்படிப் பதிந்தவர்கள் தமிழகத்தில் 12,64,537 பேர்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம்களின் பெயர்களை எழுதித் தரச் சொன்னார்கள் என்றும், 1,500 பேர் எழுதப்பட்டார்கள் என்றும் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. கணக்கெடுப்பு நமக்குப் புதிதல்ல.

கம்பெனி ஷிப்டு முடிந்து இரவு வீடு திரும்பும் குடும்பங்களின் கதவு பகலில் பூட்டியிருக்கும். விடுபடுவோர் பெரும்பாலும் இவர்களே. எனவே மஹல்லா நிர்வாகிகள் வாடகை வீடுகளின் பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருக்கட்டும். தேதி அறிவிக்கப்பட்டதும் ஜும்ஆவில் சொல்லட்டும். உருது, இந்தி மட்டுமே தெரிந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் எந்த மதத்தவராயினும், அவர்களுக்கு மொழிபெயர்த்து உதவ இரண்டு இளைஞர்களை நியமிக்கட்டும். களப்பணியாளர் வராத வீடு இருந்தால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் உடனே தெரிவிக்கலாம்.