பூனை மார்க் கத்தியும் சோலிங்கன் ஊரும்

நம் குடியிருப்பிலிருந்து மணிமுத்தாறு அணைக்குப் போனோமே, அன்று பூங்காவில் எல்லாருக்கும் மாங்காய் நறுக்கிக் கொடுத்தது என் மடக்குக் கத்திதான். "என்ன தாத்தா, கத்தியில பூனை இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். பதில் சொல்வதற்குள் வேன் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அந்தப் பாக்கியை இங்கே தீர்க்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் என் மாமா தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய கத்தி இது. பெயர் மெர்க்கேட்டர். கறுப்புக் கைப்பிடியில் தாவுகிற பூனையும் 'கே55கே' என்ற எழுத்துகளும் இருக்கும். மரமோ கொம்போ கிடையாது. ஒரே எஃகுத் தகட்டை மடித்துச் செய்த கைப்பிடி. விரித்த கத்தி தானாக மடங்கி விரலை வெட்டாமல் இருக்க முதுகில் ஒரு பூட்டு. சட்டைப் பையில் தட்டையாகக் கிடக்கும். ஜெர்மன் சிப்பாய்களும் தொழிலாளிகளும் வைத்திருந்த சாதாரணக் கத்திதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வீரர்கள் இதை ஞாபகத்துக்காக ஊருக்குக் கொண்டுபோனார்கள். செய்தது, சோலிங்கன் நகரில் 1856இல் தொடங்கிய காஃப்மன் கம்பெனி. இப்போது அதே ஊரில் ஆட்டர் என்ற கம்பெனி செய்கிறது.

கம்பெனி மாறியும் ஊர் மாறவில்லை, கவனித்தீர்களா? அங்கேதான் விஷயம். சோலிங்கன், வுப்பர் ஆற்றங்கரை ஊர். நம் பாபநாசம் அருவித் தண்ணீரை வைத்து விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் ஓடியது போல, அங்கே ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சாணைக்கல் சுழன்றது. அடிப்பவர், பதம் ஏற்றுபவர், சாணை பிடிப்பவர் என்று வேலை பிரிந்திருந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் தனி முத்திரை. பீட்டர் ஹென்கெல்ஸ் என்பவர் 1731 ஜூன் 13 அன்று தொழிலாளர் சங்கத்தில் பதிந்த இரட்டையர் முத்திரை இன்றும் கடைகளில் கிடைக்கும் கத்திகளில் இருக்கிறது.

ஆனால் சோலிங்கன்காரர்கள் ஒன்றும் உத்தமர்கள் அல்ல! 19ஆம் நூற்றாண்டில் அங்கே சிலர் மட்டமான கத்திகளில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற கத்தி ஊரான ஷெஃபீல்டின் பெயரைக் குத்தி விற்றார்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் கொதித்தார்கள். 1887இல் பிரிட்டன் சரக்கு முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. 'மேட் இன் ஜெர்மனி' என்ற எழுத்து அப்படித்தான் வந்தது, வாங்குபவரை எச்சரிக்க! பிறகு சரக்கு தரமாகி, எச்சரிக்கையே பெருமையாகிவிட்டது. அடுத்தவன் பெயரைத் திருடிய ஊர், 1938இல் தன் பெயரைக் காக்கத் தனிச் சட்டமே வாங்கிக்கொண்டது. முக்கியமான வேலையெல்லாம் அந்த வட்டாரத்திலேயே நடந்தால்தான் 'சோலிங்கன்' என்று பொறிக்கலாம். பி.காம். வகுப்பில் 'நன்மதிப்பு' என்று படித்தபோது புரியாதது, இதைப் படித்தபோது புரிந்தது. ஐந்தொகையில் வெறும் எண்ணாக நிற்கும் அது, இங்கே ஒரு ஊருக்கே சோறு போடுகிறது.

அன்று நாம் பார்த்த மணிமுத்தாறு, தாமிரபரணியில்தான் போய்க் கலக்கிறது. அந்த ஆற்றோடு கீழே போனால் ஆதிச்சநல்லூர். 1876இல் அங்கே வந்து தோண்டியவர் பெர்லினைச் சேர்ந்த டாக்டர் யாகோர் என்ற ஜெர்மானியர்! பானைகளோடு இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயின. பின்னால் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோதும் வாள், கத்தி, அம்புமுனை என்று இரும்பு குவிந்தது. சோலிங்கன் என்ற ஊர் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் ஆற்றங்கரையில் இரும்பு அடித்த கைகள் அவை. யார் கைகள்? ஒன்றிலும் பெயர் இல்லை.

போன மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கொல்லுப்பட்டறையில் இந்தக் கத்திக்குச் சாணை பிடித்தேன். பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல இரும்புதான்" என்றார். அவரிடமே ஒரு அரிவாள்மனையும் வாங்கினேன். "உங்க பேரை இதுல குத்திக் கொடுங்களேன்" என்றேன். சிரித்தார். "பேரு எதுக்கு சார்? வெட்டிப் பாத்தா தெரியும்லா!"

விடவில்லை. ஆணியால் மூன்று எழுத்து கீறிக் கொடுத்தார். கத்தி, அரிவாள்மனை இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன, பார்க்க வாருங்கள். பிள்ளைகள் மட்டும் கூர்ப்பக்கம் தொடக் கூடாது.